படாத கல்

சரித்திரம் பெரிய மனிதர்களின் தோள்மீது ஏறித்தான் நடந்து வந்திருக்கிறது. நம் மாநில சுகாதார மந்திரியின் விஷயத்தில் அது தோளோடு நிற்கவில்லை, கழுத்துக்கே ஏறிவிட்டது. அந்தக் கழுத்திலோ காலையிலிருந்து ஒரே அரிப்பு.

மந்திரி குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, பல் தேய்க்கும் பிரஷ்ஷின் வால் பக்கத்தைக் கழுத்துப்பட்டைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, அதைக் கழட்டி வச்சுட்டுத்தான் சொறியுங்களேன். பாத்ரூமுக்குள்ள யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி, கதவுக்கு வெளியிலிருந்து.

"உள்ள கழட்டிப் பழகிட்டா வெளியில போட மறந்துபோயிடும்" என்றார் மந்திரி. அரசியலில் இத்தனை காலம் நிலைத்து நின்றவர் சும்மா நிற்கவில்லை.

"யாராவது போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

பிரஷ் நின்றது. "தலைமையிலேர்ந்தா?"

"நாற்காலிக்காரர். வாசல்ல கிடக்குற வாடகை நாற்காலியெல்லாம் எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டார்."

பார்வையாளர்களுக்கென்று வாசலில் போட்டிருந்த நாற்காலிகள் அவை. போன மாதம்வரை அவற்றில் ஒன்றில் இடம் பிடிக்க ஊரில் சண்டையே நடந்தது. நாற்காலிக்காரருக்கு அரசியல் தெரியாது. ஆனால் நாற்காலி எப்போது காலியாகும் என்று தெரியும்.

இந்தக் குடும்பத்தோடு தொடரின் முதல் வாரத்திலிருந்தே பழகி வருகிறவர்களுக்கு அந்தக் கழுத்துப்பட்டை வந்த கதை தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம், நாற்காலியும் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

நம் மந்திரி ஒரு காலத்தில் மைக் செட் வாடகைக்கு விட்டவர். ஒரு கூட்டத்தில் "ஹலோ, ஹலோ" என்று சோதித்துப் பார்க்க மைக்கைப் பிடித்தவர், பிறகு விடவே இல்லை. கட்சியில் அவருக்கு "மக்கள் மருந்து" என்று பட்டம். தேர்தல் நெருங்க நெருங்க மருந்து காலாவதியாகி வருவதாக ஒரு பேச்சு கிளம்பியது. அனுதாபத்தைப்போல ஒரு டானிக் உலகத்தில் இல்லை என்று யோசனை சொன்னவர் மனைவியின் தம்பி. எதைக் கேட்டாலும் "நான் ஏற்பாடு பண்றேன்" என்பார். அதனால் வீட்டிலும் வெளியிலும் அவர் பெயர் ஏற்பாடு.

ஏற்பாடு செய்த ஏற்பாடு இதுதான். பொதுக்கூட்டம் முடிந்து மந்திரி காரில் ஏறுவார். சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு கல் வரும். பின்கண்ணாடி உடையும். கழுத்தில் அடி என்று மந்திரி சாய்வார்; அடிபட்ட கழுத்துக்கு மாட்டுகிற பட்டை ஏறும். கல்லை ஏற்பாடே எறிந்தார். முதல் கல் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அடுத்தது கண்ணாடியை உடைத்தது. மந்திரியின் மேல் எதுவும் படவில்லை, ஒரு கண்ணாடித் துண்டைத் தவிர; அதையும் அவர் தட்டிவிட்டார்.

அன்றே ஓர் ஆம்புலன்ஸ் டிரைவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் வண்டியில் சைரன் ரிப்பேர். ஜன்னல் வழியே தலையை நீட்டித் தானே "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு நோயாளிகளைக் கொண்டுவருகிறவர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை சைரன் என்றே கூப்பிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து, "சைரன் எப்ப சார் வரும்?" என்று மந்திரியைக் கேட்டுவிட்டார். கேட்டதை ஊரே பார்த்தது. எறிந்ததை யாரும் பார்க்கவில்லை. போலீசுக்கு அது போதுமானதாக இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கும், மழை மட்டும் வராமலிருந்தால். கூட்டம் முதலில் காலையில்தான் நடப்பதாக இருந்தது. மழையால் மாலைக்குத் தள்ளிப்போனது. மைக் செட்காரர், பந்தல்காரர், கூட்டத்துக்கு ஆள் கொண்டுவருகிற லாரிக்காரர் என்று எல்லோருக்கும் ஏற்பாடு சொல்லியனுப்பினார். போஸ்டர் ஒட்டுகிறவரை மட்டும் மறந்துவிட்டார். அவர் வேலையில் சுத்தமானவர். மத்தியானமே, "எங்கள் தலைவர் மீது கல்லெறிந்த கயவர்களைக் கண்டிக்கிறோம்" என்று அரசு ஆஸ்பத்திரிச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டுப் போய்விட்டார். அதே மத்தியானம் ஒரு புது அப்பா, தன் குழந்தையை வீட்டுக்குத் தூக்கிப் போகும் முன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். குழந்தையின் தலைக்குப் பின்னால் கண்டனமும், படத்தின் மூலையில் மத்தியான நேரமும் பளிச்சென்று தெரிந்தன.

அந்தப் படம் யார் மூலமோ போலீசுக்குப் போய், அங்கிருந்து பத்திரிகைகளுக்கும் போனது. குழந்தை நல்ல அழகு என்று எல்லோரும் சொன்னார்கள்.

"போஸ்டர் பொய் சொல்லும், கழுத்து பொய் சொல்லுமா?" என்றார் மந்திரி பத்திரிகைக்காரர்களிடம். அரசு டாக்டர் யாராவது பார்த்தாரா என்று கேட்டார்கள். அத்தனை அரசு டாக்டர்களும் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள். அதைவிட முக்கியம், அரசு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடும் என்பது அந்தத் துறை மந்திரிக்கு நன்றாகத் தெரியும். "என் மகளே பிசியோதெரபிஸ்ட். அவதான் பாக்குறா" என்று வாக்குமூலத்தில் சொல்லிவிட்டார். மகளிடம்தான் சொல்லவில்லை. வேறு ஊரில் வேலையிலிருந்த அவளுக்கு அது போலீஸ் போன் வந்தபோதுதான் தெரிந்தது. போன வாரம் அவள் பஸ் ஏறிய இடத்தில் நாம் அவளை விட்டோம்.

இப்போது இறங்கிவிட்டாள்.

வாசலில் வேன் நின்றது. நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்று சொருகி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் மட்டும், உட்கார்ந்திருந்த நாற்காலியை விடாமல் பேரம் பேசிக்கொண்டிருந்தார். தொண்டர் கூட்டத்தில் ஒரே ஒருவர் கொடியோடு மிச்சமிருந்தார்.

"தலைவர் வாழ்க!" என்றார் அவர் அவளைப் பார்த்ததும். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, இன்னைக்கு இருக்கணுமா, கிளம்பலாமா? ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார்.

"எனக்கே தெரியலையேண்ணா" என்றாள் மகள். அது உண்மை. பஸ்ஸில் ஏறியதிலிருந்து அதையேதான் அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஹாலில் ஓர் ஆள் உயரத்துக்கு வெள்ளி நிறத்தில் ஒரு மாத்திரைக் குப்பி நின்றது, தலையளவு சிவப்பு மூடியோடு. மக்கள் மருந்துக்குத் தொண்டரணி கொடுத்த நினைவுப் பரிசு. மூடி என்றைக்குமே சரியாகப் பொருந்தியதில்லை. அதன் அடியில் பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அப்பா சோபாவில் இருந்தார். சால்வையைக் காதுவரை இழுத்துப் போர்த்தியிருந்தார். எதிரே ஏற்பாடு, கையில் தண்ணீர்க் குவளையோடு.

"எங்க வலிக்குதுன்னு கேட்டா?" என்றார் ஏற்பாடு.

"ஆஆ!" என்றார் மந்திரி. சிவப்பு மூடி அதிர்ந்தது.

"அத்தான், மைக் இல்லாம முனகுங்க. ஹால் சின்னது."

"அப்பா" என்றாள் மகள்.

மந்திரி முழு உடம்போடு திரும்பினார். "பாப்பா! வந்துட்டியா? சாப்பிட்டியா? பாத்தியா அப்பாவ என்ன பண்ணிட்டானுங்கன்னு!"

"யாருப்பா?"

இது ஒரு சாதாரணக் கேள்வி. ஆனால் மந்திரி மச்சானைப் பார்த்தார். மச்சான் குவளையைப் பார்த்தார்.

"மாப்ளே, நீ கொஞ்சம் வெளியில போய் அந்த நாற்காலிக்காரனப் பாரு. ஒண்ணு ரெண்டாவது விட்டுட்டுப் போகச் சொல்லு. விசாரணைக்கு வர்ற போலீஸ் அதிகாரி உக்கார வேணாமா?"

"நான் ஏற்பாடு பண்றேன்" என்று ஏற்பாடு போனார்.

மகள் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கம், கை தானாகப் போய்ச் சால்வையை விலக்கியது. தினமும் பத்துக் கழுத்தாவது பார்க்கிற கை. பட்டையின் விளிம்பைத் தொட்டது. ஒரு கணம் நின்றது. பிறகு சால்வையைப் பழையபடி மூடிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் மந்திரி, பரீட்சை எழுதியவனைப்போல.

பதிலுக்கு அவள் கேட்டாள்: "கல்லு பட்டுச்சாப்பா?"

"பாப்பா, நீ பொய் சொல்ல வேணாம். அதை நான் என்னைக்காவது உன்னைக் கேட்டிருக்கேனா? நான் வலிக்குதுன்னு சொல்வேன். நீ ஆமான்னு சொல்லு. முடிஞ்சுது. வலிங்கறது அவங்கவங்களுக்கு உள்ள இருக்குற விஷயம். அதை யாரு பொய்யின்னு சொல்ல முடியும்?"

"கல்லு பட்டுச்சான்னு கேட்டேன்."

"கண்ணாடி உடைஞ்சுதே!"

"அந்த டிரைவர் உள்ள இருக்கார்ப்பா."

"யாரு, அந்தக் கத்துற ஆளா? தேர்தல் முடியட்டும், நானே வெளிய எடுத்து விடுறேன். சைரனும் வாங்கித் தர்றேன். ரெண்டு சைரன் தர்றேன்."

அவள் எழுந்தாள். மந்திரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தமுறை குரலில் மேடை இல்லை.

"எனக்கு வேற வேலை தெரியாது பாப்பா. மைக் செட்டெல்லாம் அப்பவே வித்தாச்சு."

மந்திரி வாழ்க்கையில் பேசிய ஒரே உண்மையான சொற்பொழிவு அது. கேட்க ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். கை தட்டவும் இல்லை. மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரார் பேச்செல்லாம் காதில் விழ, முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டாமல் இணைப்புக் கொடுத்துப் பழகியவள். அந்தப் பயிற்சி ஒரு மந்திரியின் மனைவிக்கு ரொம்ப உதவியாக இருந்தது. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய போன் கவிழ்ந்து கிடந்தது.

"அம்மா, அந்தப் பட்டை…"

"தலைகீழா இருக்கு" என்றாள் அம்மா.

மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். "உனக்குத் தெரியுமா?"

"மோவாய் உக்கார வேண்டிய குழி நெஞ்சுல குத்திக்கிட்டு இருக்கு. வாங்கின டப்பாவுலேயே படம் போட்டிருந்துச்சே. முதல் நாளே பாத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலையே." வெங்காயம் சீராக விழுந்துகொண்டிருந்தது. "உங்க மாமன் கல்ல எறிஞ்சுட்டு ஓடி வந்து, இருட்டுல, ஓடுற கார்ல மாட்டிவிட்டான். அன்னைக்கே போட்டோ எடுத்து ஊரெல்லாம் போயாச்சு. அதுக்கப்புறம் இவரு அதைக் கண்ணாடில பாக்குறப்பல்லாம் முகத்தத்தான் பாப்பாரு."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறிவிட, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாத்தேன்னு சொன்னா, இதை மாட்டினதும் நான்தான்னு ஆயிடும்மா. என்கூடப் படிச்சதுங்க எல்லாம் அந்தப் போட்டோவப் பாத்துச் சிரிக்கும்."

"இதுவா உன் கவலை?"

"இல்ல. ஆனா இதுவும்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மா, நான் வேலைக்குச் சேந்தது இந்த ஊரு ஆஸ்பத்திரிலதானே. நடக்க முடியாதவங்கள நானும் சைரன் அண்ணனும்தான் தூக்குவோம். அவரு தலைமாட்டுல, நான் கால்மாட்டுல. தூக்குறதுக்கு முன்னாடி, 'டாக்டரம்மா, ரெடியா?'ன்னு கேப்பாரு. நான் டாக்டர் இல்லண்ணான்னு எத்தனையோ தடவ சொல்லிட்டேன். இப்ப அவரு வண்டி ஆஸ்பத்திரி பின்னாடி சும்மா நிக்குதாம். அப்பாவுக்காக நான் ஆமான்னு சொன்னா, அவரு அங்கேயே கிடப்பாரு. இல்லன்னு சொன்னா, அப்பா அங்க போவாரு. நான் என்னம்மா பண்ண?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். ஏதோ சொல்லப் போவதைப்போல மூச்சை இழுத்தாள். பிறகு, "பச்சத் தண்ணியில முகத்தக் கழுவிக்கோ. வெங்காயம்னு நினைச்சுப்பாங்க" என்றாள்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

விசாரணை அதிகாரி ஒரு பெண். ஒல்லியான உருவம், நல்ல ஜலதோஷம். டீ வேண்டாம் என்றார், தண்ணீர் வேண்டாம் என்றார், சோபாவும் வேண்டாம் என்றார். ஏற்பாடு மீட்டு வந்திருந்த ஒரே ஒரு வாடகை நாற்காலியை இழுத்து, மாத்திரைக் குப்பிக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து அதை ஒருமுறை பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை.

"மேடம், என் உடம்பு இருக்குற நிலையில…" என்று மந்திரி ஆரம்பித்தார்.

"உங்ககிட்ட அப்புறம் பேசுறேன் சார். முதல்ல உங்க மக." அவர் கைக்குட்டையை மூக்கில் ஒற்றிக்கொண்டார். "உக்காருங்கம்மா. ஒரே கேள்விதான். கல் பட்ட அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து நீங்கதான் அவருக்கு சிகிச்சை பண்றீங்கன்னு அப்பா வாக்குமூலம் குடுத்திருக்கார். சரிங்களா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஏற்பாடு தொண்டையைக் கனைத்தார். மந்திரி "ம்ம்" என்று சரியான அளவில், மைக் இல்லாமல் முனகினார். நல்ல முனகல். ஒத்திகை வீண் போகவில்லை.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையாட்ட நினைத்தார், பட்டை விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடித் திறந்தார். சின்ன வயதில் அவள் பள்ளி மேடையில் பேச்சை மறந்து நின்றபோது, முதல் வரிசையிலிருந்து இதேமாதிரிதான் கண்ணை மூடித் திறப்பார். அப்போதெல்லாம் அவளுக்கு உடனே வரி ஞாபகம் வந்துவிடும்.

இப்போதும் வந்தது.

"இல்லங்க" என்றாள்.

"பாப்பா, அவசரப்படாத. போன்ல என்னென்ன செய்யணும்னு சொன்னியேம்மா…"

"உடம்பப் பாத்துக்குங்கப்பான்னு சொன்னேன். அவ்வளவுதான்." அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "நான் அவரு கழுத்த இன்னைக்குக் காலையிலதான் தொட்டுப் பாத்தேன்."

"சரி. அப்ப அந்தப் பட்டைய யாரு மாட்டினாங்க?"

"எனக்குத் தெரியாதுங்க. ஆனா இந்தத் தொழில் தெரிஞ்ச யாரும் மாட்டல. அது தலைகீழா இருக்கு."

அதிகாரி முதல்முறையாகக் கைக்குட்டையைக் கீழே இறக்கினார்.

மந்திரியின் கை மெல்ல மேலே போனது. மோவாயைத் தடவியது. நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த குழியைத் தடவியது. மகள் காட்டிக்கொடுத்தது, வழக்கு, சிறை எல்லாம் அந்த முகத்தில் இன்னும் ஏறவில்லை. அதற்கு முன்னால் வேறொன்று ஏறியது. எத்தனை போட்டோ! எத்தனை பேட்டி! சட்டசபையில்கூட இப்படியே போய் உட்கார்ந்து, எழுந்து நின்று கைதட்டல் வாங்கினாரே!

"டேய்!" என்று மச்சானின் பக்கம் முழு உடம்போடு திரும்பினார். இப்போது மைக் தேவைப்படவில்லை. "கூட்டத்துக்குக் கிளம்பும்போதே ஒரு தடவ போட்டுப் பாத்துடலாம்னு சொன்னேனா இல்லையாடா! கேட்டியா? 'கார் சீட்டுக்கு அடியில பத்திரமா இருக்கு அத்தான், நான் ஏற்பாடு பண்றேன்'னியே! இதாடா நீ ஏற்பாடு பண்ற லட்சணம்!"

சிவப்பு மூடி அதிர்ந்து அடங்கியது.

"கூட்டத்துக்குக் கிளம்பும்போதே பட்டை கார்ல இருந்துச்சா, சார்?" என்று அதிகாரி மென்மையாகக் கேட்டார்.

மந்திரி வாயை மூடினார். திறந்தார். இத்தனை காலத்து அரசியல் அவரைக் கைவிடவில்லை.

"வருமுன் காப்பதுதானே மேடம் எங்க துறையோட கொள்கை" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் தோள்கள் லேசாகக் குலுங்கின. ஜலதோஷமாக இருக்கலாம்.

"அக்கா!" என்றார் ஏற்பாடு சமையலறையைப் பார்த்து, ஈனக் குரலில். அக்கா வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவரிடம் எந்த ஏற்பாடும் இல்லை.

"ரெண்டு பேரும் எங்ககூட வரணும் சார்" என்று அதிகாரி எழுந்தார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராகத் தன் போனை எடுத்தார். "ஒரு நிமிஷம். அந்தக் குழந்தை படத்துல போஸ்டரச் சுத்தி வட்டம் போட்டு எங்களுக்கு ஒருத்தர் அனுப்பினாங்க. பேரச் சொல்லல. தினம் ஒரு தடவ கூப்பிட்டுப் பாக்குறேன், எடுக்கவே மாட்டேங்கறாங்க. இந்த வழக்கே அவங்களாலதான். நன்றியாவது சொல்லணும்ல."

எண்ணை அழுத்தினார்.

சமையலறைக்குள் ஏதோ ஒன்று மேடையில் 'விர்ர்' என்று அதிர்ந்தது. அடுத்த நொடி மிக்ஸி முழு வேகத்தில் அலறியது.

பிசியோதெரபிஸ்ட்டுக்கு மிக்ஸி பழுதுபார்க்கத் தெரியாது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லாமல் ஓடுகிற மிக்ஸியின் சத்தம் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். மகள் சமையலறைக் கதவைப் பார்த்தாள். அம்மாவின் முதுகு தெரிந்தது. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவளைப்போல நேராக இருந்தது அந்த முதுகு.

அதிகாரியும் அந்தப் பக்கம் பார்த்தார். கொஞ்ச நேரம் காதில் போனை வைத்திருந்தார். பிறகு, "இன்னைக்கும் எடுக்கல" என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

மிக்ஸி நின்றது.

யாரோ டிவியை வைத்தார்கள். கட்சித் தலைமை அறிக்கை விட்டிருந்தது. சட்டம் தன் கடமையைச் செய்யும். கட்சி எந்தக் குற்றத்துக்கும் துணை போகாது. பதவியிலிருந்தும் கட்சியிலிருந்தும் உடனடி நீக்கம். கீழே ஓடிய எழுத்துகளில் மந்திரிக்கு முன்னால் ஏற்கெனவே 'முன்னாள்' சேர்ந்துவிட்டது. பக்கத்தில் போட்டிருந்தது அவருடைய கழுத்துப்பட்டைப் படம்தான். இப்போது பார்த்தால், தலைகீழ் என்பது நன்றாகவே தெரிந்தது. வாசலிலிருந்து, "தலைவர்…" என்று ஒரு குரல் எழும்பி, வாழ்கவா ஒழிகவா என்று முடிவு செய்யாமலேயே நின்றுபோனது.

முன்னாள் மந்திரி எழுந்தார். சால்வையை மடித்துச் சோபாவில் வைத்தார். இரண்டு கையாலும் பட்டையைக் கழற்றினார். மாத்திரைக் குப்பியின் சிவப்பு மூடியில் அதை மாட்டினார். அங்கே அது கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒளிஞ்சு போக மாட்டேன். நிமிர்ந்தே போறேன்" என்றார். நிமிர்ந்தே இருந்தார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

வாசற்படியில் காமிராக்கள் வரிசைகட்டி நின்றன. "சார், இந்தப் பக்கம்! சார், லெஃப்ட்ல!" என்று கூச்சல். முன்னாள் மந்திரி இடது பக்கம் பார்க்கப் போனார். தலை போகவில்லை. தோளைத் திருப்பினார், இடுப்பைத் திருப்பினார், கடைசியில் காலை எடுத்துவைத்து, பீரோவை நகர்த்துகிறமாதிரி மொத்தமாகத் திரும்பினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "இன்னும் விடலடா நடிப்ப!" என்றது ஒரு குரல்.

மகள் பின்னாலிருந்து நெருங்கி வந்தாள். அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"போதும்ப்பா" என்றாள் காதோடு. "இனிமே அது வேணாம்ப்பா. எல்லாரும் பாக்குறாங்க."

"நான் ஒண்ணும் பண்ணல பாப்பா" என்றார் அவர், உதட்டை அசைக்காமல், நேர் எதிரே பார்த்தபடி.

அவள் அவருடைய பிடரியில் கை வைத்தாள். தினமும் எத்தனையோ கழுத்தைப் பார்க்கிற கை. இத்தனை நாள் அசையாமல், அதுவும் தலைகீழாக மாட்டிய பட்டைக்குள் கிடந்த தசை, மரக்கட்டைபோல இறுகிக் கிடந்தது.

கழுத்து நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.